“வாடகையே தவணையைக் கட்டிவிடும்”: ஒரு வாடகை வீட்டின் இரண்டு வருடக் கணக்கு

நானும் என் தம்பியும் சேர்ந்து வாடகைக்கு விடுவதற்காக ஒரு அடுக்குமாடி வீட்டை வாங்கினோம். இரண்டே வருடத்தில் அது எங்கள் இருவர் சம்பளத்தையும் தின்றது. வீட்டில் பெரிய குறை ஒன்றும் இல்லை. வாங்கும் முடிவை நாங்கள் எடுத்த விதத்தில்தான் குறை இருந்தது. அதை எண்களோடு எழுதி வைக்கிறேன். ஒன்றிரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்க நினைப்பவர்கள் யாராவது, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்தால் நன்றாயிருக்கும்.

உண்மைத் தொகைகளைச் சொல்லப்போவதில்லை. வீட்டின் விலையை 1000 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா எண்ணும் அந்த விகிதத்தில் வரும். அவரவர் பணத்துக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவு எடுத்த அன்று எங்கள் கையில் இருந்த கணக்கு

விலை 1000. பதிவு, வரி, புரோக்கர் கமிஷன், உள்ளே போகும் முன் செய்த சில வேலைகள் எல்லாம் சேர்த்து 80. ஆக அடக்கம் 1080. அதில் 700 கடன், 7 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 5.43. மீதி 380 எங்கள் சொந்தப் பணம்.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் மாதம் 6.5 வாடகைக்குக் குடியிருந்தார். புரோக்கர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: வாடகை 6.5, தவணை 5.43, மாதம் 1 அலகுக்கு மேல் கையில் நிற்கும், வாடகையே தவணையைக் கட்டிவிடும். தம்பி அன்று இரவே கூப்பிட்டு, “அக்கா, இதைவிட நல்லது அமையாது, யோசிச்சுக்கிட்டே இருந்தா வேற யாராவது முடிச்சிடுவாங்க” என்றான். எனக்கும் அதே அவசரம்தான். மறுநாள் அட்வான்ஸ் கொடுத்தோம்.

அந்த ஒரு வரியில் எத்தனை விஷயங்கள் விடுபட்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. வீடு வருடத்தில் 12 மாதமும் நிறைந்திருக்கும், எதுவும் பழுதாகாது, யாரும் காலி செய்ய மாட்டார்கள் என்று அந்த வரி சத்தமில்லாமல் சொல்கிறது. மூன்றையும் நாங்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம்.

அன்றே போட்டிருக்க வேண்டிய கணக்கு

இதற்கு 20 நிமிடம் போதும். வருட வாடகை 78. அதிலிருந்து கழிய வேண்டியவை: ஒரு மாதம் காலியாக இருந்தால் 6.5, குடியிருப்போர் சங்கப் பராமரிப்புக் கட்டணம் 7, சொத்து வரி 4, காப்பீடு 2, பழுது வேலைகளுக்குச் சராசரியாக 8, புது ஆள் பிடிக்க ஆகும் செலவு வருடத்துக்குப் பிரித்துப் போட்டால் 3. மொத்தம் 30.5, அதாவது வாடகையில் 39 சதவீதம். பலருக்கு இது கூடுதலாகத் தோன்றும். அமெரிக்காவில் சிறு முதலீட்டாளர்கள் முதல் பார்வைக்கு வைத்திருக்கும் ஒரு விதி, கடன் தவணையைச் சேர்க்காமலேயே வாடகையில் பாதி செலவாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எங்கள் கணக்கு அதைவிடக் குறைவுதான்.

செலவு போக நிற்பது 47.5. அடக்கம் 1080-ஐ வைத்துப் பார்த்தால் 4.4 சதவீதம். புரோக்கர் சொன்ன எண்ணில் இது 7.8 சதவீதமாகத் தெரிந்தது.

இனி கடனைப் பாருங்கள். வருடத் தவணை 65.1. நிகர வருமானத்தைத் தவணையால் வகுத்தால் 0.73 வருகிறது. இந்த விகிதம் 1-க்குக் கீழே இருந்தால் வீடு தன் கடனைத் தானே சுமக்க முடியாது என்று பொருள். வணிகக் கட்டடங்களுக்குக் கடன் தருபவர்கள் பொதுவாக 1.2 அல்லது 1.25 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்களுக்குக் கடன் கொடுத்த இடத்தில் எங்கள் சம்பளத்தைத்தான் பார்த்தார்கள். வீடு தாங்குமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. கடன் கிடைத்ததையே வீடு நல்ல முதலீடு என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டோம். இது பெரிய தவறு. நீங்கள் திருப்பிக் கட்டுவீர்களா என்பதுதான் அவர்கள் கவலை.

வருடத்துக்கு 17.6 அலகு கையிலிருந்து போடவேண்டியிருக்கும் என்று அன்றே தெரிந்திருந்தால், “பரவாயில்லை, அது அசலில்தானே சேர்கிறது, சேமிப்பு மாதிரி” என்று சொல்லிக்கொண்டிருப்போம். அதையும் சோதித்துப் பார்க்கலாம். முதல் வருடத் தவணை 65.1-இல் அசலுக்குப் போவது 16.6 மட்டும். மீதி 48.5 வட்டி. வீட்டின் நிகர வருமானம் 47.5. அதாவது வாடகை வட்டிக்கே போதவில்லை. எங்கள் சொந்தப் பணம் 380 ஒரு வருமானமும் இல்லாமல் உள்ளே முடங்கியிருந்தது. நிகர வருமானம் 4.4 சதவீதம், கடன் வட்டி 7 சதவீதம் என்றால், கடனாக வாங்கும் ஒவ்வொரு அலகும் நம் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கடன் வாங்கிச் சொத்து சேர்ப்பது எப்போதும் லாபம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

விலை ஏறும் என்ற நம்பிக்கை

அப்படியானால் எல்லாம் விலை ஏற்றத்தை நம்பித்தான் நிற்கிறது. வீடு என்றால் விலை ஏறும் என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு தேடிப் படித்தபோது கண்ணில் பட்டவை இவை. ஆம்ஸ்டர்டாமின் ஹேரன்கிராக்ட் கால்வாய்க் கரை வீடுகளின் விலைகளை பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1628 முதல் 1973 வரை தொகுத்திருக்கிறார். பணவீக்கத்தைக் கழித்தால் அந்த மூன்றரை நூற்றாண்டில் விலை ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆனது. 1870 முதல் 2015 வரை 16 வளர்ந்த நாடுகளை எடுத்துக்கொண்ட இன்னொரு பெரிய ஆய்வு 2019-இல் வந்தது. அதன்படி வீடுகள் நீண்ட காலத்தில் பங்குகளுக்கு இணையாகவே வருமானம் தந்திருக்கின்றன. ஆனால் அந்த வருமானத்தில் வாடகையின் பங்கு மிகப் பெரியது. பணவீக்கம் போக விலை ஏற்றம் மட்டும் தந்தது அதைவிடக் குறைவு. வாடகை மெலிந்த வீட்டை விலை ஏற்றத்துக்காக வாங்குபவர், வருமானத்தின் பெரிய பாதியை விட்டுவிட்டுச் சின்னப் பாதியைத் துரத்துகிறார்.

இறங்கும் பக்கமும் உண்டு. அமெரிக்காவில் 2006 உச்சத்திலிருந்து 2012 வரை தேசிய அளவில் வீட்டு விலை சுமார் 27 சதவீதம் சரிந்தது. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று நடந்தால் 1000 என்பது 730 ஆகும். கடன் 700. எங்கள் பங்காக இருந்த 300-இல் 30தான் மிஞ்சும். அப்போது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நடந்தது

வாங்கும்போது இருந்த குடும்பம் 14 மாதம் ஒழுங்காக வாடகை கொடுத்தது. அப்புறம் வேலை மாற்றத்தால் காலி செய்தார்கள். வீடு 3 மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் நீர்க்கசிவு தெரிந்தது. தரையைப் பெயர்த்துச் சரிசெய்ய 22 ஆனது. பிறகு வந்தவர் 3 மாதம் வாடகை கொடுத்தார், 4 மாதம் கொடுக்க முடியவில்லை. முன்பணமாக வைத்திருந்த 2 மாத வாடகையைக் கழித்துக்கொண்டு காலி செய்தார்.

24 மாதத்தில் வந்திருக்க வேண்டியது 156. வந்தது 123.5. பராமரிப்பு, வரி, காப்பீடு, கசிவு வேலை, பெயின்ட், சில்லறைப் பழுதுகள், கமிஷன் எல்லாம் சேர்த்துச் செலவு 60. மிஞ்சியது 63.5. கட்டிய தவணை 130. கையிலிருந்து போட்டது கிட்டத்தட்ட 67. அதற்காக நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த கையிருப்பு 12. மீதியில் ஒரு பகுதி சம்பளத்திலிருந்து போனது. 30-ஐ அதிக வட்டிக்குத் தனிக்கடனாக வாங்கினோம்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் ஒருவர் அதே மாதத்தில், ஏறத்தாழ அதே விலைக்கு வாங்கினார். அவருக்கு இந்த இரண்டு வருடமும் ஒரே குடித்தனம், ஒரு பழுதும் இல்லை. “நல்ல முடிவு எடுத்தேன்” என்கிறார். அவர் போட்ட கணக்கும் நாங்கள் போட்ட அதே ஒற்றை வரிதான், அவரிடமும் போதுமான கையிருப்பு இல்லை. அவருக்கு நல்லபடி அமைந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் முடிவை அதன் விளைவை வைத்து மட்டும் மதிப்பிட்டால், அவர் அடுத்த வீட்டையும் இதே மாதிரி வாங்குவார். முடிவு எடுக்கும் அன்று கையில் என்ன தகவல் இருந்தது, மோசமான நாளுக்கு என்ன ஏற்பாடு இருந்தது என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். அந்த அளவுகோலில் அவரும் நாங்களும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

பூட்டிக் கிடந்த மூன்று மாதம்

இந்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் திரும்பிப் பார்ப்பது அந்த மூன்று மாதங்களைத்தான். கசிவு வேலை இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. மீதி நாட்கள் முழுக்க எங்கள் பிடிவாதம்.

வீடு காலியான முதல் வாரமே ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள். இருவருக்கும் நிலையான வேலை, பழைய வீட்டுக்காரரின் எண்ணைத் தாங்களாகவே கொடுத்தார்கள். பழுது வேலை முடியும் வரை காத்திருக்கவும் தயார். 6.2 தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் 6.5-ஐ விட்டு இறங்கவில்லை. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த வாடகை அது. அதிலிருந்து இறங்குவது கையில் இருந்ததைப் பறிகொடுப்பது போல இருந்தது.

அவர்களுக்கே கொடுத்திருந்தால் வருடத்துக்கு 3.6 குறைந்திருக்கும். மூன்று மாதம் காத்திருந்ததில் போனது 19.5. ஒரு மாதம் காலியாக இருப்பது என்பது வருட வாடகையில் 8.3 சதவீதம். அதாவது 5 சதவீதம் குறைத்துக் கொடுத்தாலும், அதனால் ஒரு மாதம் முன்னதாக ஆள் வந்தால் அந்த வருடம் நமக்கு லாபமே. இந்தக் கணக்கு கடினமானதே இல்லை. அன்று போடத்தான் மனம் வரவில்லை.

மனம் ஏன் வருவதில்லை என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். ஒரு புள்ளியை நம் இயல்பு நிலையாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே போகும் எதையும் இழப்பாக உணர்கிறோம். அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அந்த இழப்பு அதிகம் வலிக்கிறது. வீட்டு விஷயத்திலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் டேவிட் ஜெனசோவும் கிறிஸ்டஃபர் மேயரும் 1990-களின் பாஸ்டன் அடுக்குமாடி விற்பனைகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டியிருந்தவர்கள், எதிர்பார்க்கக்கூடிய விலைக்கும் தாங்கள் வாங்கிய விலைக்கும் இடையிலான வித்தியாசத்தில் 25 முதல் 35 சதவீதத்தைக் கூட்டிக் கேட்டார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைத்தது உண்மை. ஆனால் வீடு விற்க அதிக நாள் பிடித்தது. விற்பவருக்குக் காத்திருப்பது சில நேரம் கட்டுபடியாகலாம். மாதத் தவணையோடு காத்திருக்கும் எங்களைப் போன்ற வீட்டுக்காரருக்கு அது கட்டுபடியாவது அரிது.

ஒரு தவறு அடுத்த தவறைக் கூட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் போனதும் பதற்றம். 6.5-க்குச் சம்மதித்த முதல் ஆளுக்கே சாவியைக் கொடுத்தோம். அவர் வருமானம் என்ன என்று கேட்கவில்லை, முன்பு இருந்த வீட்டில் விசாரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவர் வருமானத்தில் பாதிக்கு மேல் எங்கள் வாடகைக்கே போயிருக்கிறது. ஒரு மாதம் சறுக்கினால் எழ முடியாத நிலையில் அவரை உட்கார வைத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. வாடகை அவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவருக்கும் அந்த நான்கு மாத அவமானம் நேர்ந்திருக்காது.

விற்பதா, வைத்திருப்பதா

24-ஆவது மாதம் உட்கார்ந்து பேசினோம். அப்போது வீட்டுக்கு 1020 விலை கேட்டார்கள். விற்கும் செலவு 31, கடன் பாக்கி 665 போக, கையில் 324 வரும். நாங்கள் போட்டது 380-உம் 67-உம் சேர்த்து 447. “123 நஷ்டத்துக்கா விற்பது?” என்று நான் கேட்டேன்.

தம்பி சொன்ன பதில்தான் பேச்சைத் திருப்பியது. “அக்கா, போனது போயிடுச்சு. வித்தாலும் வராது, வச்சிருந்தாலும் வராது. இப்ப கையில 324 இருக்குன்னு நினைச்சுக்க. அதைக் கொண்டுபோய் இந்த வீட்டையே வாங்குவியா?”

அப்படியே தொடர்ந்தால் பதில் ‘வாங்க மாட்டேன்’ என்பதுதான். நிகர வருமானம் 47.5-இல் அடுத்த வருட வட்டி 46 போக 1.5 மிஞ்சும். 324-க்கு அது ஒரு சதவீதம்கூட இல்லை.

அந்த நேரத்தில் தம்பி வேலை மாறினான். 225 மொத்தமாகக் கைக்கு வந்தது. விஷயம் தெரிந்து அதே புரோக்கர் இரண்டாவது வீட்டோடு வந்தார். விலை 1050, வாடகை 7. இந்த முறை முதலில் தாளில் எழுதினோம். செலவு போக 51, அடக்கத்தில் 4.5 சதவீதம், கடன் வட்டி அதே 7. கூடவே, முடிவு ஏற்கெனவே தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு காரணங்களைத் தேடும் முறையையும் செய்து பார்த்தோம். உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் பரவலாக்கிய முறை இது. ஐந்து வருடம் கழித்து இந்த வீட்டை நஷ்டத்தில் விற்கிறோம், ஏன்? ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். தம்பி தாளில் வட்டி உயர்வும் இரண்டு வீடும் ஒரே நேரத்தில் காலியாவதும் இருந்தன. என் தாளில் முதல் வரி, ‘நம் இருவரில் ஒருவருக்கு வேலை போனது’. இரண்டு வீடும் ஒரே ஊரில், எங்கள் வேலையும் அதே ஊரில். வேலைகள் குறைந்தால் வாடகையும் விலையும் சம்பளமும் ஒன்றாகத்தான் விழும். இரண்டாவது வீடு வேண்டாம் என்று சொல்ல அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

225-ஐப் பிரித்தோம். தனிக்கடன் 30-ஐ முதலில் அடைத்தோம். 30-ஐ வீட்டுக்கான கையிருப்பாகத் தனிக் கணக்கில் போட்டோம். மீதி 165-ஐ வீட்டுக் கடனில் கட்டினோம். 7 சதவீதக் கடனை முன்கூட்டி அடைப்பது சந்தேகமே இல்லாமல் 7 சதவீதம் மிச்சப்படுத்துகிறது. அந்த இரண்டாவது வீடு வாடகையில் அதைத் தந்திருக்காது. கடன் 500-க்கு இறங்கியதும், மீதமுள்ள 18 வருடத்துக்கு வருடத் தவணை 49 ஆனது.

புதிதாக வந்த குடும்பத்துக்கு 6.3-க்குக் கொடுத்தோம். இந்த முறை வருமானம் கேட்டோம், பழைய வீட்டுக்காரரிடம் பேசினோம். கசிவு சரியாகிவிட்டதால் பழுதுக்கும், நீண்ட நாள் இருக்கும் எண்ணத்தோடு வந்ததால் காலி மாதங்களுக்கும் கணக்கில் கொஞ்சம் குறைத்துப் போட்டோம். செலவு போக 51. விகிதம் 1.04. மெல்லிய நூல்தான். விற்றிருக்க வேண்டும் என்று தம்பி இன்னும் சொல்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் வைத்திருக்கும் முடிவோடு விற்கும் நிபந்தனையையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்: ஏதாவது ஒரு வருடம் நிகர வருமானம் 45-க்குக் கீழே போனாலோ, கையிருப்பை நிரப்ப இரண்டு முறை சம்பளத்தைத் தொட வேண்டி வந்தாலோ, வாக்குவாதம் இல்லாமல் விற்பனைக்குப் போட வேண்டும். அழுத்தம் வந்த பிறகு இதை எழுத உட்கார்ந்தால், நான் மறுபடியும் 123-ஐப் பற்றித்தான் பேசுவேன் என்று எனக்கே தெரியும்.

இப்போது

போன மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. 5 சதவீதம் ஏற்றலாமா என்று கேள்வி. ஏற்றினால் வருடத்துக்கு 3.8 கிடைக்கும். அதனால் அவர்கள் கிளம்பினால் ஒரு மாத வாடகை 6.3, கமிஷன் 3, பெயின்ட் 4 என 13.3 போகும். ஏற்றுவதால் அவர்கள் போய்விடும் வாய்ப்பு 28 சதவீதத்துக்கு மேல் கூடுமென்றால், அந்த வருடத்தைப் பொறுத்தவரை ஏற்றாமல் இருப்பதே மேல். ஏற்றிய வாடகை அடுத்தடுத்த வருடங்களுக்கும் தொடரும் என்பதால், இதையே காரணமாக வைத்து என்றைக்கும் ஏற்றாமல் இருக்கவும் முடியாது. அந்தக் குடும்பத்திடமே நேரில் பேசினோம். இரண்டு வருடம் இருப்பதாக எழுதித் தந்தால் 2 சதவீதம் போதும் என்றோம். சம்மதித்தார்கள்.

இந்த வாரம் சங்கத்திலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. லிஃப்ட் மாற்ற வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு 38, ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும். எங்கள் தனிக் கணக்கில் இப்போது 33 இருக்கிறது. மீதி 5 சம்பளத்திலிருந்து போகும். கையெழுத்துப் போட்ட தாளில் முதல் முறை என்று தம்பி தேதியோடு குறித்துவிட்டான்.